கண்ணாடியை இறக்கிவிட்டு அளக்கவும்

கார்க் கதவுக்குள் ஸ்பீக்கர் மாட்டுகிறவனுக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கக் கூடாது. எனக்கு இருக்கிறது, மணிக்கொரு முறை அதை நினைவூட்டவும் செய்கிறது. அன்று பட்டறைக்கு விடுமுறை. ஆனாலும் அக்காவின் கார்க் கதவைப் பிரித்துப்போட்டுக் குந்தியிருந்தேன். அக்கா கூப்பிட்டால் விடுமுறைக்கே விடுமுறை.

“பாட்டெல்லாம் வேணாம்டா. குட்டி பேசுறது கேட்டாப் போதும்.”

குட்டி அவள் மகள். கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அக்காவுக்குக் காது மந்தம். போனைக் காதில் வைத்தால் காதுக் கருவி கீச்சென்று கத்தும். அதனால் தினமும் ஆறு மணிக்கு, அவளும் அத்தானும் காரில் இருக்கும்போது, கார் ஸ்பீக்கரில்தான் குட்டி பேசுவாள். அக்காவுக்கு அதுவும் வெறும் ‘வொய்ங் வொய்ங்’. அத்தான்தான் கேட்டுச் சொல்வார்: “நல்லா இருக்காளாம். மாப்பிள்ளையும் நல்லா இருக்காராம்.” ஆறு மாதமாக இதே இரண்டு வரி. அவர் பேச்சிலும் சிக்கனக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

“இருக்கறதே போதும்ப்பா. எதுக்கு உனக்கு வீண் அலைச்சல்?” என்றார் அத்தான், நாலாவது முறையாக.

“அலைச்சல் என்ன அத்தான், குந்திக்கிட்டுத்தானே இருக்கேன்.”

குரல் தெளிவாக வர மிட்ரேஞ்ச் ஸ்பீக்கர் வேண்டும். அதன் முதுகுக்குப் பின்னால் மூடிய பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் கதவின் பொந்து பாதிக் குரலை விழுங்கிவிடும். மீதியோடு தகரமும் சேர்ந்து பேசும். எந்தப் பெட்டி என்பதில்தான் என் இடுப்பு போகிறது.

முதலில் கடையில் விற்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாட்டி ரேடியோவைப் போட்டேன். உள்ளே காற்றுக்கு இடம் போதவில்லை. செய்தி வாசிப்பவர் அண்டாவுக்குள் உட்கார்ந்து வாசித்தார்.

“யாருக்குடா ஜலதோஷம்?” என்றாள் அக்கா.

அடுத்தது பிளைவுட்டில் நல்ல ஆழமான பெட்டி. குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நான் பெருமையாக நிமிர்ந்தேன், நிமிர முடிந்த அளவுக்கு. அக்கா ஜன்னல் பொத்தானை அழுத்தினாள். கண்ணாடி பாதி தூரம் இறங்கிப் பெட்டியில் ‘டக்’கென்று இடித்து நின்றது.

கண்ணாடி மேலே இருக்கும்போது ஆழம் அளந்திருக்கிறேன். ‘கண்ணாடியை இறக்கிவிட்டு அளக்கவும்’ என்று பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்துதான்.

அத்தானின் முகம் தெளிந்தது. “பாத்தியா? ஜன்னல் திறக்கலைன்னா இவளுக்கு வயித்தைப் புரட்டும். விட்டுடு, பழசையே மாட்டிடு.”

“காத்தா குரலா, ஒண்ணு சொல்லுக்கா.”

“ரெண்டும்” என்றாள்.

தம்பியிடம் எந்த அக்கா விட்டுக்கொடுப்பாள்? மறுபடி அறுத்தேன். ஆழத்தில் குறைத்ததை அகலத்தில் கொடுத்து, தட்டையாக, கண்ணாடிக்கு இடம் விட்டு ஒரு பெட்டி. விளிம்பெல்லாம் பசை, உள்ளே கொஞ்சம் பஞ்சு. மாட்டி முடித்தபோது கை ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தபடியே விறைத்திருந்தது. கண்ணாடி முழுதாக ஏறியது, இறங்கியது. செய்தி வாசிப்பவருக்குச் சளி குணமாகியிருந்தது.

மணி ஆறு. வழக்கம்போல அத்தான் ஸ்டியரிங் முன்னாலும் அக்கா பக்கத்திலும் ஏறி உட்கார்ந்தார்கள். போன் அடித்தது.

“அப்புறம் பேசிக்கலாம், இங்க வேலை நடக்குதுல்ல” என்று அத்தான் கையை நீட்டினார். அதற்குள் அக்கா போன் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“அப்பா” என்றது கதவு. பக்கத்து இருக்கையில் இருப்பதுபோல அவ்வளவு தெளிவு. “ரூம் கிடைச்சிருச்சுப்பா. சின்னதுதான், ஆனா தனியா இருக்க அது போதும். அவரும் டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டாரு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலதானே?”

அத்தான் ஸ்டியரிங்கைப் பார்த்தார். நான் தரையில் ஸ்க்ரூ தேடினேன். எதுவும் விழவில்லை.

“சொல்லலைம்மா. இப்பதான் கேட்டேன்” என்றாள் அக்கா.

கதவிலிருந்து மூச்சு மட்டும் வந்தது. மூச்சும் தெளிவாகத்தான் வந்தது. என் வேலையை நானே சபித்துக்கொண்டேன்.

“உனக்கு உடம்பு முடியாமப் போயிடும்னு...” என்று அத்தான் தொடங்கினார்.

“எனக்குக் காதுதான் மந்தம்” என்றாள் அக்கா, அவர் பக்கம் திரும்பாமல்.

பிறகு தெருச் சத்தம் வராமல் கண்ணாடியை ஏற்றிவிட்டு, கதவின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் எழுந்து போகப் பார்த்தேன், இடுப்பு விடவில்லை.

“அம்மா?”

“ம். அந்த ரூம் எப்படி இருக்கு, முதல்லேருந்து சொல்லு.”

“நான் சொன்னது கேக்கலையாம்மா?”

“கேட்டுச்சு” என்றாள் அக்கா. “நீ சொல்லு.”