முன்னாள் அண்ணிக்கு ஓர் ஆப்பிள் ஜெல்லி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், கௌரவமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. எங்கள் சமையலறையின் மேல் அலமாரியிலிருந்து வந்தது. அங்கே ஒரு ஸ்லோ குக்கர் இருந்தது, மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கிற மின்சாரப் பானை. அண்ணியுடையது. இந்த வாரத் தொடக்கத்தில் அவளிடமிருந்து கைபேசியில் ஒரு செய்தி:

"ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. இனிமே இந்தப் பக்கம் வர மாட்டேன். என் ஸ்லோ குக்கர் உங்க வீட்டுலயே நின்னுடுச்சு. நீ அதைத் தொடவே இல்லைன்னா கொண்டு வந்து குடு. தொட்டிருந்தா நீயே வச்சுக்க."

அண்ணி என்று எழுதிவிட்டேன். அது தப்பு. அவளும் என் அண்ணனும் சட்டப்படி பிரிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முன்னாள் மந்திரி உண்டு, முன்னாள் மேனேஜர் உண்டு. முன்னாள் அண்ணி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அண்ணி என்றே போகட்டும்.

செய்தியைப் படித்ததும் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பாள்? குக்கரை அப்படியே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். கொடுக்கிற சாக்கில் அவளைக் கண்ணாரப் பார்த்திருப்பாள். நானோ அன்றைக்குச் சாயங்காலமே பை நிறைய ஆப்பிள் வாங்கி வந்து, அவள் வைக்கிற மாதிரி ஜெல்லி வைக்கிறேன் என்று அதில் வேகப் போட்டுவிட்டேன். தொட்டாயிற்று. குக்கர் எனக்கு. போவதற்கு இருந்த ஒரே காரணமும் போயிற்று. என் மண்டையில் களிமண்தான் இருக்கிறது என்று அம்மா சொல்வது சும்மா இல்லை.

ஆகவே இந்த ஜெல்லி உறைந்தாக வேண்டும். ஒரு பாட்டிலாவது தேற வேண்டும். அதைக் கொடுக்கிற சாக்கில் அவள் கிளம்புவதற்குள் பார்த்துவிட வேண்டும். கதையில் இருக்கும் ஒரே பிரச்சினை இதுதான். [கொலை, புதையல் எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.]

2

தொடக்கம் மூன்று எழுதிக் கிழித்தேன்.

"அண்ணி இறந்து ஒரு வருஷம் ஆகிறது." இது முதலாவது. படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். செத்துப்போனவர்களுக்காகக் கூடத்தில் உட்கார்ந்து ஓவென்று அழலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சுவரில் படம் மாட்டலாம். விவாகரத்தாகிப் போனவளுக்கு மாட்டியிருந்த படத்தையும் கழற்றிவிடுகிறார்கள். ஆகவே அவளைச் சாகடித்தால் என் அழுகைக்கு அனுமதி கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். அரைப் பக்கம் தாண்டவில்லை. "என்னைக் கொன்னுட்டியா நாத்தனாரே? நல்லா இரு!" என்று அவள் சிரிக்கிற சத்தம் காதிலேயே கேட்டது. கிழித்துவிட்டேன்.

இரண்டாவதில் என்னை ஆண் ஆக்கினேன். ஜன்னலோரம் ஓர் ஆண், பிரிந்து போகும் ஒரு பெண், வெளியே மழை. பத்திரிகைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவார். ஏக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டாம். அவள் பக்கத்தில் நின்று ஆப்பிள் நறுக்க வேண்டும். நான் வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பல் ஆஸ்பத்திரியில் அன்றைக்கு வந்து உயிரை வாங்கினவர்களைப் பற்றி அவளிடம் புலம்ப வேண்டும். அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளிடம் வந்தவர்களைப் பற்றி அவள் புலம்ப வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவள் என் தசையும் இல்லை, ரத்தமும் இல்லை. பிறகு எனக்குள் ஆடிக்கொண்டிருப்பது எதுவாம்?

மூன்றாவதில் அண்ணனை வில்லன் ஆக்கினேன். குடித்துவிட்டு வந்து பாட்டிலை உடைக்கிறான். [உண்மையில் என் அண்ணனுக்கு இரண்டு கப் காபி குடித்தாலே விக்கல் வந்துவிடும்.] அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன். எதிரில் இருப்பவர் கண்ணுக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று நாள் முழுக்கப் பொறுமையாகக் கேட்பவன். அவனும் அவளும் ஒரே

(கண்ணாடிக்காரனும் எக்ஸ்ரேக்காரியும் ஒருவரை ஒருவர் என்று ஒரு வாக்கியம் இங்கே வளர்ந்துகொண்டிருந்தது. சாமர்த்தியமாக இருந்ததால் நிறுத்திவிட்டேன்.)

அவர்கள் சண்டை போட்டதே கிடையாது. ஒரே நிறுத்தத்தில் வெவ்வேறு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாள் அவள் பஸ் வந்துவிட்டது.

3

ஜெல்லிக்கு வருவோம். முதல் தடவை தோலைச் சீவி, நடுப்பகுதியை எறிந்து, வெள்ளை வெளேரென்று சதையை மட்டும் வேகப் போட்டேன். விருந்தாளிக்குப் பழம் வெட்டி வைக்கிற பழக்கம். சாறு வந்தது, சர்க்கரை கரைந்தது, மறுநாள் வரைக்கும் தண்ணீராகவே நின்றது.

அப்போதுதான் அவள் சொன்னது ஞாபகம் வந்தது. "தோலும் விதைக்கூடும்தான் ஜெல்லியைக் கெட்டியாக்கும் நாத்தனாரே. சதை சும்மா கூட்டத்துல கோவிந்தா."*

* இதில் வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது இருக்கும் என்று தோண்டாதீர்கள். நானே தோண்டிப் பார்த்துவிட்டேன். ஆப்பிள்தான் இருந்தது.

இரண்டாம் தடவை தோல், விதை, நடுத்தண்டு எல்லாவற்றோடும் நறுக்கிப் போட்டேன். பழம் மூழ்கும் மட்டும் தண்ணீர். மூடி போட்டுக் குறைந்த சூட்டில் விட வேண்டும், இடையில் திறக்கக் கூடாது, திறந்தால் சூடு ஓடிப்போகும். அண்ணி குக்கரைப் பார்த்தே சொல்வாள், "மூச்சை இழுத்துப் பிடி. அசையாதே." வேலையிடத்துப் பேச்சு. நான் அவளில்லையே. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தேன்.

"யாருக்குடி இத்தனை?" என்று கேட்டுக்கொண்டே அம்மா வந்தாள்.

"சும்மாதான்."

"சும்மா யாராவது இவ்வளவு வாங்குவாளா?" அம்மாவின் கண் குக்கர் மேல் போனது. அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா என்ன. "ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அதைப் போய்க் கிளறாதே. நாலு பேர் என்ன பேசுவா?"

"உலை வாயைத்தான் மூட முடியும்மா."

"உன் வாயையும் மூட முடியல." அம்மா வந்த வழியே போனாள். பாதியில் நின்று, திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், "எலுமிச்சம்பழம் பிழியணும். அவ பிழிவா. மறந்துடாதே."

[இந்த இடத்தில் அம்மாவின் குரல் கம்மியது என்று எழுதியிருந்தேன். கம்மவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.]

4

வெந்த பழத்தை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டிக் குழாயில் தொங்கவிட்டேன், கீழே பாத்திரம். சாறு தானாகச் சொட்ட வேண்டும். பிழியவே கூடாது, பிழிந்தால் கலங்கிவிடும். பிழியாமல் எடுத்தால் கண்ணாடி மாதிரி இருக்கும், பாட்டிலுக்குப் பின்னால் இருக்கிற எழுத்தைப் படிக்கலாம். அண்ணி வைக்கிற ஜெல்லி அப்படி இருக்கும்.

குளித்துவிட்டு வருகிறேன், அண்ணன் கைமுட்டி வரை ஈரத்தோடு நிற்கிறான். மூட்டை சப்பையாகக் கிடக்கிறது.

"என்னடா பண்ணே!"

"மெதுவா சொட்டிட்டு இருந்துச்சு. உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு ஒரு பிழி பிழிஞ்சேன்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மறுபடி செய்ய நேரமில்லை. சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து, இந்தத் தடவை மூடியைத் திறந்தே வைத்து, அதிகச் சூட்டில் விட்டேன். ஆவி போனால்தான் இறுகும். மாலையில் ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினேன். சுருங்கியது. உறைந்துவிட்டது! கலங்கல்தான், ஆனால் உறைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் ஜெல்லித் துணியைப் பிழிகிற ஆள் அவன் ஒருவன்தான். கல்யாணமான நாளிலிருந்து அதற்கு அண்ணியிடம் திட்டு வாங்கினவன். இந்தப் பாட்டிலைப் பார்த்த மாத்திரத்தில் அது யார் கைவேலை என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

5

உங்களிடம் ஒன்று சொல்லவில்லை. நான் எழுதுகிற எல்லாவற்றையும் முதலில் படிப்பவன் அண்ணன். பென்சிலோடு உட்காருவான். எழுத்துப் பிழைகளைத் திருத்துவான், கருத்துச் சொல்ல மாட்டான். மேலே உள்ள பகுதிகளை வெள்ளிக்கிழமை அவனிடம் கொடுத்தேன். பாம்பும் சாகக் கூடாது, கோலும் உடையக் கூடாது என்கிற மாதிரி வாய்விட்டுக் கேட்காமலே அவன் சம்மதத்தை வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

"ரெண்டு இடத்துல ஒற்று விட்டுட்டே" என்றான். "அப்புறம், நான் எப்போ பாட்டிலை உடைச்சேன்?"

"அது கிழிச்சாச்சுண்ணா. கிழிச்சாச்சுன்னு எழுதியிருக்கேனே."

"கிழிச்சதையும்தான் எழுதியிருக்கே." பென்சிலை மேஜையில் உருட்டினான். "நாளைக்குப் போறியா?"

"போகட்டுமா?"

"போகாதேன்னு சொல்ல நான் யாரு? அவ என்னை விட்டுத்தான் போனா. உன்னை விட்டுப் போகலையே." உருண்ட பென்சிலைக் கையால் நிறுத்தினான். "ஆனா ஒண்ணு. வந்து எங்கிட்ட எதுவும் சொல்லாதே. நல்லா இருக்காளா, இளைச்சுட்டாளா, எதுவும் வேண்டாம். என்னால தாங்க முடியாது."

அண்ணன் தாங்க முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சரி என்றேன்.

6

சனிக்கிழமை பிற்பகல் போனேன். அவள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. மாடிப்படி முழுக்கக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள். கதவைத் தட்டினேன்.

"நாத்தனாரே!" என்றாள்.

அவ்வளவுதான். கண்கள் பனித்தன என்று எழுதினால் பொய். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிற அளவுக்கு விசித்து அழுதேன். "அடச்சீ, பைத்தியம், உள்ள வா" என்று இழுத்துக்கொண்டு போனாள். அவள் தோளில் அதே சோப்பு வாசனை. உங்களைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை அண்ணி என்று சொல்லிவிட்டேன், எந்தக் கதையிலும் எழுத வராத வாக்கியம்.

பிறகு பாட்டிலைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். எக்ஸ்ரே படத்தைப் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அவள்

[இதற்கு மேல் நான்கு பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன்.]

காரணம் உங்களுக்கே தெரியும். உங்களிடம் சொன்னால் அவனிடம் சொன்ன மாதிரி. வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

வேண்டுமானால் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவள் சிரித்து, "பிழிஞ்சுட்டாரா?" என்று கேட்டாள். அல்லது, ஒன்றுமே கேட்காமல் அதை ஒரு சேலையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள், மற்றப் பெட்டிகளோடு சேர்க்கவில்லை. அல்லது, "கொஞ்சம் கலங்கிடுச்சு, பரவாயில்ல, உனக்கு முதல் தடவைதானே" என்று என் முதுகில் தட்டினாள், யார் பிழிந்தது என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. இதில் ஒன்று நடந்தது. மற்ற இரண்டும் எழுதுவதற்கு அதைவிடச் சுலபமாக இருந்தன.

7

இன்று ஞாயிறு. இந்நேரம் அவள் பாதி தூரம் போயிருப்பாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்தக் கடைசிப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து ஆறாம் பகுதி வரை படித்து முடித்தான். எங்கேயும் பென்சில் வைக்கவில்லை. எழுந்து உள்ளே போனான். திரும்பி வந்து கதவோரம் நின்றான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தான். அப்படித் துடைக்கக் கூடாது, கீறல் விழும் என்று கடைக்கு வருகிறவர்களிடம் தினமும் சொல்பவன் அவன்.

"கேட்டாளா?" என்றான்.

"சொல்லாதேன்னு சொன்னியேண்ணா."

"சொன்னேன்தான்." மறுபடியும் துடைத்தான். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

என்னிடம் பதில் இருக்கிறது. ஒரே ஒரு சொல். அதை இங்கே எழுதினால் அச்சில் நின்றுவிடும். அவன் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பான், எனக்கு அவனைத் தெரியும். வாயால் சொன்னால் ஒரு தடவையோடு போகும். ஆகவே இந்த முடிவு உங்கள் பாடு. அவன் முகத்தை நினைத்துக்கொண்டு உங்களுக்கு எதைச் சொல்ல மனசு வருகிறதோ அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் இதை மூடிவைக்கிறேன்.

"உட்காருண்ணா" என்றேன்.