முட்டிவலிக்காரர்

லிஃப்ட் பழுதுபார்ப்பவன் நான். ஆளை மேலே ஏற்றிவிடுவதே என் பிழைப்பு. அப்படிப்பட்டவனை முதுகில் மூட்டையோடு ஐந்து மணி நேரம் மலையேறச் சொன்னால் எப்படி இருக்கும்? வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் ஏறினேன்.

மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வருடாவருடம் இந்த மலைக்குடிலுக்கு வருவார்கள். எட்டு வருடமாக நான் வந்ததில்லை. முட்டிவலி என்று சொல்லிவிடுவேன். வலியாவது ஒன்றாவது. குளிரும் பூச்சிக்கடியும் காட்டுக் கக்கூசும் யாருக்கு வேண்டும் என்று நினைத்து முதல் வருடம் வாயில் வந்ததைச் சொன்னேன். பிறகு அதையே பிடித்துக்கொண்டேன். அவர்கள் இல்லாத நான்கு நாளும் காலை நீட்டி டிவி பார்ப்பேன்.

இந்த வருடம் நானாகவே வருகிறேன் என்றேன். அடுத்த மாதம் மகள் வேலைக்காக வெளிநாடு போகிறாள். எப்போது திரும்புவாள் என்று அவளுக்கே தெரியாது. அதற்குள் ஒரு முறையாவது இந்த மூவரோடு நானும் ஒருவனாக இருந்துவிட வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது.

ஆனால் அவர்கள் பேச்சே எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பாறையைக் கண்டதும் மகன், "மாமியார் வந்தாச்சு," என்றான். மூவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னவென்று கேட்டேன்.

"அது பழைய கதைப்பா. சொன்னா சிரிப்பு வராது," என்றாள் மகள்.

நானும் சும்மா சிரித்துவைத்தேன்.

குடில் என்பது ஒரே அறை. இரும்பு அடுப்பு ஒன்று, பலகைக் கட்டில் நான்கு. போய்ச் சேர்ந்ததும் மகன் விறகுக்குப் போனான், மகள் தண்ணீருக்கு, மனைவி அடுப்புக்கு. யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான் நட்ட நடுவில் நின்றேன். "கொஞ்சம் தள்ளிக்கங்கப்பா" என்பதை மட்டும் நான்கு முறை கேட்டேன்.

மனைவி மூட்டையைப் பிரித்தாள். மூன்று தட்டு, மூன்று கரண்டி, மூன்று ஸ்லீப்பிங் பேக். அவள் கை அப்படியே நின்றது.

"பழக்கதோஷங்க. கை பாட்டுக்கு எடுத்து வெச்சிடுச்சு," என்றாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "நானும் பாப்பாவும் ஒண்ணுல படுத்துக்கறோம்."

"அதனாலென்ன, நான் பாத்திர மூடியில சாப்பிட்டுக்கறேன்," என்றேன்.

மகன் பேச்சை மாற்றினான். "நாளைக்குக் காலைல எப்பவும்போல நாங்க உச்சிக்குப் போறோம். அப்பா இங்கயே இருக்கட்டும். அவர் முட்டி பாவம்."

தாயும் மகளும் உடனே தலையாட்டினார்கள். வாங்களேன் என்று ஒப்புக்குக்கூட ஒருவர் சொல்லவில்லை. அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"எனக்கு முட்டிவலியே கிடையாது. என்னிக்கும் இருந்ததில்ல. பொய் சொன்னேன்."

பெரிய சண்டை வரும் என்று காத்திருந்தேன். மனைவி கிளறிக்கொண்டிருந்த நூடுல்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்தே. கரண்டு போனா பதினாலு மாடி படியேறி வேலைக்குப் போறவர் நீங்க."

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

யோசித்தாள். கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"மொத ரெண்டு வருஷம் கேக்கணும்னு இருந்துச்சு. இங்க வந்து அழுதுகூட இருக்கேன். அப்புறம் எங்களுக்கும் அதுவே வசதியாப் போச்சுங்க."

பிள்ளைகள் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. எட்டு வருடமும் அந்த நான்கு நாட்கள் வீட்டில் ஒண்டியாகத்தான் கிடந்தேன். அப்போதெல்லாம் இப்படித் தனியாக உணர்ந்ததில்லை.

கடைசியில் மகள்தான் வாயைத் திறந்தாள். "அப்ப நாளைக்கு எங்ககூட வரீங்களாப்பா?" வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கேட்பதுபோல் அவ்வளவு மரியாதையாகக் கேட்டாள்.

"வரேம்மா," என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, அப்ப உச்சி வேணாம்," என்றான் மகன். "இங்க பக்கத்துல இருக்கற ஏரி வரைக்கும் போயிட்டு வந்துடலாம்."