நாலு விரல் துணி

என் நாத்தனார் நல்லவதான். ஆனா அவ கொடுத்த நோட்டைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தினமும் மூணு நல்ல விஷயம் எழுதணுமாம். எழுத எழுத மனசு தானா நல்லதைத் தேடப் பழகிடுமாம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் தையல் கடை நடத்துறோம். அன்னைக்குக் காலையில நோட்டை என் மிஷின் மேலேயே கொண்டுவந்து வெச்சா.

"எழுதுங்க அண்ணி."

'ஊசி உடையல'ன்னு ஒண்ணு எழுதினேன். 'கரண்ட் இருக்கு'ன்னு இன்னொண்ணு. மூணாவதுக்கு ஒண்ணும் தோணல.

எப்படித் தோணும்? என் எட்டு வயசுப் பொண்ணு கழுத்துல ஒரு கட்டி. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருந்தாங்க. அன்னைக்குப் பதினொரு மணிக்கு ரிசல்ட். நானும் வரேன்னு செருப்பு மாட்டினேன். "உன் மூஞ்சியைப் பார்த்தாலே பிள்ளை பயந்துடும், நீ கடைக்குப் போ"ன்னு சொல்லிட்டு, என் வீட்டுக்காரர் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. ஆனா அவர் சொன்னதுல பொய் இல்ல.

சும்மா உட்கார்ந்தா பைத்தியமே பிடிச்சுடும்னு, அவளோட ஸ்கூல் கவுனைத் தைக்க எடுத்தேன். அடுத்த மாசம் ஸ்கூல் திறக்குது. போன் மேஜை மேல கிடந்துச்சு. எப்ப அடிக்குமோன்னு ஒரு கண்ணு அதுமேலேயே இருந்துச்சு. பக்கத்துக் கடையில ஷட்டர் தூக்கினாங்க, எனக்குப் பகீர்னுச்சு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சும்மாவா சொன்னாங்க! வெட்டி, மூட்டி, கீழ் ஓரம் மடிச்சு, ஒரே மூச்சுல முடிச்சுட்டேன்.

பட்டன் வைக்க நாத்தனார் கவுனை எடுத்தா. உள்பக்கம் திருப்பி, கீழ் மடிப்பைத் தடவிப் பார்த்தா. அவ முகம் மாறிப்போச்சு.

"அண்ணி, உள்ளே துணி விடலையே?"

பிள்ளைங்க துணின்னா கீழ் மடிப்புல நாலு விரல் துணி விட்டுத்தான் தைப்போம். பிள்ளை வளர்ந்தா பிரிச்சு இறக்கிக்கலாம். இருபது வருஷமா ஊரான் பிள்ளைங்களுக்கெல்லாம் விட்ட கை இது. பெத்த பிள்ளைக்கு விடல. இன்னைக்கு அவ என்ன உயரமோ அதே அளவுக்கு வெட்டியிருக்கேன். இனிமே அவ வளரவே மாட்டாங்கிற மாதிரி.

டாக்டர் இன்னும் வாயே திறக்கல. அதுக்குள்ள நானே முடிவு பண்ணிட்டேனா? "ஐயோ, பாவி நான்"னு தலையில அடிச்சுக்கிட்டேன்.

"அடிச்சுக்கிட்டா துணி நீளுமா? மிச்சத் துணி எங்கே, அதை எடுங்க முதல்ல"ன்னா நாத்தனார்.

ஊசியில நூலை அவதான் கோத்துக் கொடுத்தா. மிச்சத் துணியில நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வெட்டி, கீழ் ஓரத்துல ஒட்டுப் போட்டு, உள்ளே மடிச்சுத் தைச்சேன். உள்பக்கம் பார்க்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும். பயம் போச்சான்னு கேட்டா, ஒரு இம்மி கூடப் போகல. பயந்துகிட்டேதான் தைச்சேன்.

கடைசித் தையலை முடிச்சு நூலை வெட்டும்போது போன் அடிச்சுது.

"இன்னும் தெளிவாத் தெரியலையாம்"னார் வீட்டுக்காரர். "இன்னொரு டெஸ்ட் எடுக்கணுமாம். பத்து நாள் ஆகும்."

பத்து நாளா! ஒரு காலை நேரத்தைத் தாண்டவே உயிர் போய் உயிர் வந்துச்சு.

"இரு, வாயாடி உன்கிட்ட பேசணுமாம்."

"அம்மா, என் கவுன் தைச்சுட்டியா?"

"தைச்சாச்சுடி."

"போன கவுன் முட்டிக்கு மேல ஏறிடுச்சும்மா. இதுல துணி விட்டிருக்கியா? நான் வளருவேன்ல?"

கவுனை உள்பக்கம் திருப்பி, அந்த ஒட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

"விட்டிருக்கேன்டி. நாலு விரல்."