எல்லாரும் வரட்டும்

“நெட்டு விளம்பரத்துல ‘பிராட் மேட்ச்’னு போட்டா, உப்பு சம்பந்தமா யார் எதைத் தேடினாலும் நம்ம விளம்பரம் போய் நிக்குங்க. ‘எக்ஸாக்ட் மேட்ச்’னா, நாம குடுக்கிற வார்த்தையை அதே அர்த்தத்துல தேடுறவங்களுக்கு மட்டும். ஆளு கம்மியா வரும், ஆனா…”

“கம்மியா வர்றதுக்கா விளம்பரம்? எல்லாரும் வரட்டும், விடு அம்சா.”

அந்த ‘ஆனா’வை அவள் புருஷன் ராஜவேல் கேட்கவே இல்லை. அதற்குப் பின்னால் அம்சவள்ளி வைத்திருந்த இன்னொரு பேச்சும் சொல்லாமலே நின்றுபோனது. அவன் நம்பரையே விளம்பரத்தில் போட்டாள். தன் நம்பரைப் போடலாமா என்றால், கண்டவனெல்லாம் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுவானா என்று கேட்டுவிடுவானோ என்ற பயம்.

எல்லாரும்தான் வந்தார்கள். உப்பளப் பாத்தியில் ராஜவேல் உப்பு வாரிக்கொண்டிருப்பான், போன் அடிக்கும். ஒருவருக்குக் கால் ஊறவைக்க வாசனை உப்பு வேண்டும். இன்னொருவருக்கு இந்துப்பு. ஒரு அம்மாள் ரத்தக்கொதிப்புக்கு எந்த உப்பு நல்லது என்று அரைமணி நேரம் விசாரித்தார். உப்புநீர் சொட்டும் கையோடு போனை எடுத்து எடுத்து ராஜவேலின் குரல் கடுத்துப்போனது. போன வாரம் கடலூர் கருவாட்டு வியாபாரி மொத்தமாக உப்பு கேட்கக் கூப்பிட்டபோதும், பேச்சு முடியுமுன் “இங்க இல்லைங்க” என்று வைத்துவிட்டான். அவர் வேறிடத்தில் உப்பை லாரியில் ஏற்றியது பிறகுதான் தெரிந்தது.

“உன் விளம்பரத்தால பேருதான் கெட்டுது. ஞாயித்துக்கிழமையோட நிறுத்திடு” என்றான்.

அன்றிரவே அவள் விளம்பரத்தைத் திறந்தாள். தேடும் வார்த்தையாக ‘கருவாட்டு உப்பு மொத்த விலை’ என்று எழுதி, எக்ஸாக்டுக்கு மாற்றினாள். அவனிடம் சொல்லவில்லை. அதோடு போன் ஊமையானது. ஞாயிறு வந்துகொண்டிருந்தது. செய்தது தப்போ என்று அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை மதியம் அவன் சாப்பிடும்போது போன் அடித்தது. அவன் அதை அவள் பக்கம் தள்ளிவிட்டான்.

அனுமந்தையிலிருந்து ஒரு கருவாட்டு வியாபாரி. உப்பு எத்தனை நாள் காய்ந்தது, பரல் பெரிதா, லாரி வரப்பு வரைக்கும் வருமா என்று கேட்டார். அவள் நிதானமாகச் சொன்னாள். நாளைக் காலை வந்து பார்ப்பதாகச் சொல்லி வைத்தார்.

ராஜவேலின் கை சோற்றிலேயே நின்றிருந்தது.

“மாத்திட்டியா?”

“மாத்திட்டேங்க.”

அவன் கோபிக்கவில்லை, மெச்சவும் இல்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அதைத் திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏங்க, விளம்பரத்துல என் நம்பரைப் போட்டுக்கட்டுமா? இனிமே நான் பேசுறேன்.”