தினமும் முப்பத்தேழு

மாமியாரும் மருமகளும் ஒரே வீட்டில் இருந்தாலே சண்டை என்பார்கள். இவர்கள் இரண்டு பேருக்கும் வீடும் ஒன்று, வேலை பார்க்கிற கட்டடமும் ஒன்று. கீழே மாமியாரின் ஹார்டுவேர் கடை: ஆணி, கீல், தாழ்ப்பாள், குழாய், பெயிண்ட். அந்தப் பெயிண்ட் வாடை நிரந்தரமாகக் குடியிருக்கிற மாடி அறையில் மருமகளின் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு மேஜை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு மருமகள், அவளோடு கல்லூரியில் படித்த கண்ணாடி. குளிக்கும்போதுகூட அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்ற மாட்டான் என்பதால் அந்தப் பெயர். மகனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் எட்டு மாதம் கடலில்தான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை!

கம்பெனி செய்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு மெஷின். கடைக்காரர் தொகையை அழுத்த வேண்டும், வாங்க வந்தவர் போனை அதன்மேல் காட்ட வேண்டும், 'டிங்' என்றால் காசு வந்துவிட்டது. பெரிய கடைகளுக்கு இப்படி எத்தனையோ இருக்கிறது, சின்னக் கடைக்காரரை எவன் மதித்தான், நான் மதிக்கிறேன் என்று நல்ல சம்பளத்தை உதறிவிட்டுக் கிளம்பியவள் இவள். தெரு முதலில் அவளைப் பைத்தியம் என்றது. பிறகு மெஷின்காரி என்றது.

ஒரு வங்கி கைகொடுக்க வந்தது. நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்தத் தெருவின் இருபத்திரண்டு கடைகளிலும் மெஷினை வைக்க வேண்டும். தொண்ணூறு நாள், ஒரு நாள் விடாமல், எல்லாக் கடையிலும் அது ஓட வேண்டும். ஓடினால் இரண்டாயிரம் கடைகளுக்கு ஆர்டர். ஓடாவிட்டால் மெஷின்காரி கடையைச் சாத்திக்கொண்டு பழையபடி யாரிடமாவது வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

ஓடியது! கம்ப்யூட்டர் திரையில் கடைக்கு ஒரு புள்ளி. அன்றைக்கு அங்கே மெஷின் வேலை செய்திருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. காலை பத்தரைக்குள் இருபத்திரண்டும் பச்சையாகிவிடும். மெஷின்காரிக்குத் தலைகால் புரியவில்லை. கீழே மாமியார் மட்டும் வருகிற போகிறவர்களிடமெல்லாம், "என் மருமக ஒரு டப்பா செஞ்சிருக்கா. ஆணி அடிக்கக்கூட ஆகாது" என்று அலுத்துக்கொள்வாள். அதற்கு இவள் மாடியிலிருந்தே பதில் கொடுப்பாள். தெருவுக்குப் பொழுது போயிற்று.

எண்பத்திரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, ஒன்பது புள்ளிகள் சிவப்பாகவே நின்றன. மணி பதினொன்று, பன்னிரண்டு. பதினாலாம் கடையிலிருந்து கடைசிக் கடை வரை வரிசையாகச் சிவப்பு.

"சர்வர்ல ஒண்ணும் கோளாறு இல்ல" என்றான் கண்ணாடி. "நான் மூணு தடவை பார்த்துட்டேன்."

மெஷின்காரி விடுவிடுவென்று இறங்கித் தெருவுக்கு ஓடினாள். பதினாலாம் கடை சாவி செய்கிறவருடையது, பூட்டிக் கிடந்தது. பதினைந்தாவது செருப்பு தைப்பவருடையது. "அண்ணே, மெஷின் வேலை செய்யலியா? இன்னிக்கு ஒண்ணுமே வரலியே?"

"வேலை செய்யுதும்மா. சாவிக்காரருக்குப் பல்லு புடுங்குறாங்க, அதான் வரல. அவரு வந்து முப்பத்தேழு கொடுத்தாத்தானே நான் அடுத்த கடையில போய்..." திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் அங்கேயே நின்று கண்ணாடிக்குப் போன் செய்தாள். "புள்ளியை விடு. உள்ளே தொகை என்ன வந்திருக்குன்னு பாரு."

சற்று நேரம் தட்டுகிற சத்தம். "முப்பத்தேழு... முப்பத்தேழு... அய்யோ, நேத்தும் முப்பத்தேழு. முதல் வாரம் மட்டும்தான் வேற வேற தொகை. அப்புறம் எல்லாக் கடையிலும் நாளுக்கு ஒரே ஒரு முப்பத்தேழு!"

செருப்புக்காரரைக் குடைந்ததில் குட்டு உடைந்தது. காலை பத்து மணிக்கு முதல் ஆள் பேக்கரியில் போய் முப்பத்தேழு கொடுப்பார். பேக்கரிக்காரர் தையல்கடையில் கொடுப்பார், தையல்காரர் மீன்கடையில். அந்த ஒரே முப்பத்தேழு தெருவைச் சுற்றிக் கடைசியில் கிளம்பின இடத்துக்கே திரும்பிவிடும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்த இருபத்திரண்டு பேர் புளுகு எழுபத்தைந்து நாள் ஓடியிருக்கிறது. பச்சைப் புள்ளியைப் பார்த்துப் பூரித்துப்போன இரண்டு படித்த மேதாவிகள் தொகையை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை.

கிளம்பின இடம் எது? இருபத்திரண்டாம் கடைதான், அதாவது மாமியாரின் ஹார்டுவேர் கடை.

"அத்தை!" என்று கத்திக்கொண்டே உள்ளே நுழைந்தாள். "இது உங்க வேலைதானே?"

மாமியார் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாவிக்காரனுக்கு வேற நாள் கிடைக்கலியா பல்லு புடுங்க?"

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? அதுவும் முப்பத்தேழு!"

"முழுசா ஐம்பதுன்னு வெச்சா சந்தேகம் வரும்னு நான்தான் சொன்னேன்."

"நான் ஒரு பைசா தப்பா காட்டியிருந்தா என்ன பேச்சுப் பேசியிருப்பீங்க! மாமியார் உடைச்சா மண்குடமா?"

மாமியார் தராசைக் கீழே வைத்தாள். "முதல் வாரக் கடைசியில, மெஷின்ல வியாபாரம் கொறையுதுன்னு மாடிப்படியில உட்கார்ந்து அழுதே. நான் பார்க்கலைன்னு நினைச்சே. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து என்கிட்ட வாய்க்கு வாய் பேசுறவ, அன்னிக்கு நான் திட்டினதுக்குப் பதிலே சொல்லல. எனக்குப் பொறுக்கல. கடைகடையாப் போய்ச் சொன்னேன். இன்னும் எட்டே நாளு. வாயை மூடிட்டு இரு, ஆர்டரை வாங்கு."

அப்போதும் மெஷின்காரிக்கு வாய் ஓயவில்லை. "ரெண்டாயிரம் கடைக்கு ரெண்டாயிரம் மாமியாருக்கு நான் எங்கே அத்தை போவேன்? வெள்ளிக்கிழமை பேங்க் அதிகாரி வர்றாரு. நானே சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி இந்த மெஷினை ஏன் யாரும் தொடலைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். இப்ப நிஜமா வியாபாரம் பண்ணுங்க, பார்க்கிறேன்."

கண்ணாடியையும் கீழே இழுத்துவந்து இரண்டு பேரும் பெயிண்ட் டப்பாக்கள்மேல் உட்கார்ந்தார்கள். ஒரு பிளம்பர் வந்தார். குழாய் வாங்கினார். மாமியார் கிரீஸ் கையைத் துடைத்துவிட்டுத் தொகையை அழுத்தினாள், டிங். எட்டே வினாடி. கண்ணாடி பெருமையாகச் சிரித்தான். பிளம்பர் வாசல்வரை போய்த் திரும்பினார். "அம்மா, வாஷர் மறந்துட்டேன்."

முடிந்த வியாபாரத்தை மெஷின் மறுபடி திறக்காது. புதிதாக ஆரம்பிக்க வேண்டும், ஒரே போன் அடுத்தடுத்து வந்தால் ரகசிய எண் வேறு போட வேண்டும், தொகை, உறுதி செய், காத்திரு. நாலு ரூபாய் வாஷருக்கு அத்தனை சடங்கு! அதற்குள் பின்னால் மூன்று பேர். மாமியார் மெஷினை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சில்லறைக்குக் கை நீட்டினாள். அடுத்தவர் கீல் வாங்கிப் போய்த் திருகாணிக்குத் திரும்பினார். அதற்கடுத்தவர் பிரஷ் வாங்கிப் போய் டர்பன்டைனுக்குத் திரும்பினார். ஒரு மணி நேரத்தில் பதினொரு பேர் வந்தார்கள். ஏழு பேர் திரும்பி வந்தார்கள்.

"நாம டெஸ்ட் பண்ணப்ப ஒருத்தர்கூடத் திரும்பி வரலியே" என்றான் கண்ணாடி பரிதாபமாக.

"மாடியில நீங்க வாஷர் விக்கலியேப்பா" என்றாள் மாமியார்.

"இதை ஏன் அத்தை இத்தனை நாளாச் சொல்லல?"

"நீ எங்கே கேட்டே? மெஷின் எப்படி இருக்குன்னு கேட்டே. அழகாத்தான் இருக்கு."

தெருவிலும் இதே கதைதான். பேக்கரியில் இன்னும் ஒரு ரொட்டி, தையல்கடையில் இன்னும் ஒரு நூல்கண்டு. மெஷின்காரி கேட்டுக்கொண்டே வந்தாள், கேட்கக் கேட்க அவளுக்குத் தெம்பு ஏறியது. ஆளே பிடிக்காமல் ஒதுக்கினால் என்ன செய்ய முடியும்? ஒரு வாஷரால் ஒதுக்கினால் அதைச் சரிசெய்துவிடலாம்.

மெஷினின் ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு பட்டனைக் கண்ணாடி இரண்டு நாளில் மாற்றி எழுதினான். அதை ஒரு தட்டுத் தட்டினால் போதும், கடைசி வியாபாரம் மறுபடி திறக்கும், கூடுதல் தொகையை அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம், ரகசிய எண் வேண்டாம். கிரீஸ் கைக்கு அது தட்டுப்படவில்லை என்று மாமியார் ஒரு ரப்பர் வாஷரை எடுத்துப் பசை தடவிப் பட்டனைச் சுற்றி ஒட்டினாள். இனி பார்க்காமலே தொட்டுவிடலாம். கம்பெனியின் அழகான மெஷின் பார்க்கச் சகிக்கவில்லை. மெஷின்காரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வங்கி அதிகாரி வந்து நாற்காலியில் சரியாக உட்காருவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். முப்பத்தேழு, பல்லு, பேக்கரி, மாமியார், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் பைலை மூடினார். "அப்போ இத்தனை நாளும் பொய்."

"பொய்தான் சார். ஆனா நேத்து மதியத்திலிருந்து கீழே ஒரே கடையில நாற்பத்தோரு வியாபாரம். அது நிஜம்."

"அதுவும் உங்க மாமியார் கடைதானே?"

நியாயமான கேள்வி. அதிகாரி எழுந்து படியிறங்கினார். அவ்வளவுதான், போயிற்று என்று கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவன் அதைக் கழற்றி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

கீழே போனவர் கடையைப் பார்த்ததும் நின்றார். வீட்டில் ஒரு வாரமாகக் குழாய் ஒழுகி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்த மனிதர். ஒரு குழாய் வாங்கினார், போனைக் காட்டினார், டிங். தெருவில் நாலடி வைத்தவர் தயங்கினார். திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, அதுக்கு... ஒரு வாஷர்" என்றார்.

மாமியார் வேறு ஒருவருக்குக் கம்பி அளந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கையால் வாஷரை நீட்டினாள், அதே கையின் முழங்கையால் பட்டனைத் தட்டி, விரலால் நாலை அழுத்தினாள். அவர் போனைக் காட்டினார். டிங். அதிகாரி தன் கையிலிருந்த வாஷரைப் பார்த்தார், மெஷினில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். படியில் நின்ற மெஷின்காரியைக் கடைசியாகப் பார்த்தார்.

"முதல்லேருந்து தொண்ணூறு நாள்" என்றார். "திங்கட்கிழமை ஒண்ணாம் நாள். முப்பத்தேழு வந்தா நான் கிழிச்சுப் போட்டுடுவேன்."

"அதுவரைக்கும் வாடகை?" என்று கண்ணாடி அவள் காதில் முணுமுணுத்தான்.

"மாடி என்னுது. நான் கேட்டேனா?" என்றாள் மாமியார். அவளுக்குப் பாம்புக் காது.

திங்கட்கிழமை. இருபத்திரண்டு மெஷினிலும் வாஷர் ஒட்டியாகிவிட்டது. பத்து மணிக்கு எல்லாப் புள்ளியும் சிவப்பு. பத்து ஐந்துக்கும் சிவப்பு. யாரும் யார் கடைக்கும் போகவில்லை, சொன்ன சொல்லைத் தெரு காப்பாற்றிவிட்டது. பத்து ஒன்பதுக்குப் பேக்கரி பச்சையானது: இருபத்துநாலு. பிறகு மீன்கடை, நூற்றுப் பதினாறு. தையல்கடை ஐந்து, உடனே அது எட்டானது. யாரோ நூல்கண்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள்! செருப்புக்கடை, சாவிக்கடை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத தொகைகள், பார்க்கப் பார்க்கக் கண் நிறைந்தது.

பத்தரைக்கு இருபத்திரண்டாம் புள்ளி பச்சையானது. முப்பத்தேழு.

படியில் அவள் கால் பட்டதோ இல்லையோ. "அத்தை! உங்களுக்கு எத்தனை தடவை சொல்றது!"

"அடி பாவி, நிஜமா வித்தேன்டி!" மாமியாரின் குரல் தெருக்கோடிவரை கேட்டது. எதிரில் நின்ற பிளம்பரின் சட்டைக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள். "இதோ நிக்கிறாரே மனுஷன், கேளு! குழாய் இருபத்தொம்பது. போயிட்டுத் திரும்பி வந்து ரெண்டு வாஷர், நாலும் நாலும் எட்டு. கூட்டிப் பாரு!"

பிளம்பர் ஒன்றும் புரியாமல் இரண்டு வாஷரையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மெஷின்காரி விரல்விட்டுக் கூட்டினாள். சரியாகத்தான் இருந்தது. அதற்குள் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டதால் இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தாள்.