உறையில் இருந்த பெயர்

குனில்லா பேனாவின் மூடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். எடுத்து மாட்டினாள். மறுபடியும் கழற்றினாள். எதிரே உட்கார்ந்து, காலுறையைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த ஷோனாவுக்கு எரிச்சலாக வந்தது.

"எழுதித் தொலையேன்டி. ஆறு மணிக்குள்ள குடுக்கணும்ல?"

"உனக்கென்ன, வாயால சொல்லிட்டுப் போயிடுவே. யாரு பேரை எழுதறது?"

சனிக்கிழமை சாயங்காலம். அணி அறையில் அவர்கள் இருவர்தான் இருந்தார்கள். மற்ற பெண்கள் குளிக்கப் போயிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. பெண்கள் கோல்ஃப் கோப்பை. இரண்டு நாள் இணை ஆட்டங்கள் முடிந்து அமெரிக்கா ஒன்பது, ஐரோப்பா ஏழு. மறுநாள் ஞாயிறு, பன்னிரண்டு பேரும் ஒருத்திக்கு ஒருத்தியாகத் தனித்தனியே மோத வேண்டும். கோப்பை யாருக்கென்று அதில்தான் முடிவாகும். எதிரணியில் யாராவது உடம்பு முடியாமல் விலகினால் இந்தப் பக்கமும் ஒருத்தி உட்கார்ந்துகொள்ள வேண்டும், ஆளுக்கு அரைப் புள்ளி. உட்காரப் போவது யார் என்று இரண்டு அணித் தலைவிகளும் முந்தின நாளே ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் அதைப் பிரிக்கிற வேலையே வராது. ஞாயிறு மதியம் பிரிக்காமலே கிழித்துப் போடுவார்கள். யார் பெயரென்று தலைவியும் செத்தாலும் சொல்ல மாட்டாள். ஆறு கோப்பைகள் ஆடிய ஷோனா இந்த உறை பிரிபட்டு ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குனில்லா ஸ்வீடன்காரி. இந்த வருடம்தான் தலைவி. அதற்கு முன் பதினோரு வருடம் ஷோனாவின் இணை ஆட்டக்காரி. ஒரே பந்தை இருவரும் மாறி மாறி அடிக்கிற ஆட்டத்தில் இவள் புதருக்குள் தள்ளிவிட்டதை அவள் எடுப்பாள், அவள் மணலில் புதைத்ததை இவள் தோண்டுவாள். மனஸ்தாபம் என்று ஒரு நாள் வந்ததில்லை. அதனால்தான் தலைவி ஆட்டக்காரியிடம் கேட்கக்கூடாத அந்தக் கேள்வியைக் குனில்லா கேட்டாள். ஷோனாவும் பெரிய மனுஷி மாதிரி பதில் சொல்ல உட்கார்ந்துவிட்டாள்.

"முகத்தைப் பாக்காதே. வயசைப் பாக்காதே. யாரு அழுவா, யாரு அழமாட்டான்னு யோசிக்காதே. குழிகிட்ட வந்து யாரு கை நடுங்குதோ, அவ பேரை எழுது. மூணடி தூரத்துப் பந்தை உள்ள தள்ள முடியாதவ நாளைக்கு ஆடி என்ன ஆகப்போகுது?"

சொல்லும்போது அவள் மனதில் இருந்தது ஒட்டாவியா. இத்தாலிக்காரி, இருபத்திரண்டு வயது, முதல் கோப்பை. இரண்டு ஆட்டமும் தோற்றுவிட்டு அன்று மதியம் எல்லார் முன்னாலும் விக்கி விக்கி அழுதவள். பாவம்தான், ஆனால் அவளுக்கு இன்னும் பத்துக் கோப்பை இருக்கிறது. உறையும் பிரியப் போவதில்லை.

குனில்லா கொஞ்ச நேரம் ஷோனாவையே பார்த்தாள். "நிஜமாத்தான் சொல்றியா?"

"பின்னே விளையாட்டுக்கா? தலைவின்னா கல்லு மனசு வேணும்டி. உனக்கு அது கிடையாது, அதான் சொல்லித் தர்றேன்."

குனில்லா தலையைக் குனிந்து, பரீட்சையில் எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரே வரி எழுதினாள். உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள். "சூப்பு ஆறிடும், வா," என்றாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. களைப்பு என்று ஷோனா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை காற்று அடங்கியிருந்தது. ஷோனாவின் சொந்த ஊரான இந்தக் கிழக்குக் கரையில் செப்டம்பரில் இப்படி ஒரு காலை கிடைப்பது பெரிய காரியம். கடல்மூட்டம் எட்டு மணிக்கே விலகி, முட்புதரில் மிச்சமிருந்த மஞ்சள் பூக்கள் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தன. பயிற்சித் தரையில் ஷோனா சின்ன மட்டையை வைத்துக்கொண்டு மூன்றடித் தூரத்துப் பந்துகளை வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அவளுக்கு மட்டைப் பை தூக்குகிற டேவி, போன பந்துகளை எடுத்து வைத்தான், போகாத பந்துகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகாதவை நிறைய இருந்தன. வெள்ளிக்கிழமையிலிருந்தே வலது மணிக்கட்டில் ஒரு சின்னத் துடிப்பு, பந்தைத் தொடுகிற அந்தக் கணத்தில் மட்டும். காற்று, தரை ஈரம், சத்தம் என்று அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தாள். டேவியைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று உறுதியாக நம்பினாள்.

"தாயி, உங்கம்மா வந்தாச்சு," என்றான் டேவி. "காப்பி வாங்கப் போனப்ப பாத்தேன். நாலாவது குழிக்குப் போற வழியில, கயித்த ஒட்டி நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கு. பக்கத்துல அடுத்த வீட்டு நெட்டா. கூடவே முட்டை சாண்ட்விச் ஒரு மூட்டை. ரெண்டு பேரும் ஊரையே விரட்டி அடிச்சிட்டு இடம் பிடிச்சிருக்காங்க."

ஷோனாவுக்குச் சிரிப்பு வந்தது. அம்மா எஃபி அப்படித்தான். இதே மன்றத்தின் சமையலறையில் முப்பத்தொரு வருடம் சூப்பு கிண்டியவள். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கே கூட்டம், ஞாயிற்றுக்கிழமைதான் மகளின் இறுதி ஆட்டங்கள். ஸ்பெயினுக்கோ அமெரிக்காவுக்கோ வா என்றால், "விமானத்துல ஏறவா? நான் என்ன பைத்தியமா?" என்பாள். மகள் ஆடி ஒரு நாள்கூட நேரில் பார்த்ததில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தபோது கண் போக ஆரம்பித்துவிட்டது. பார்வையின் நடுப்பகுதி முதலில் மங்கி, இப்போது அங்கே ஒன்றுமே இல்லை. எதையாவது பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்க்கிறாள். தபால்காரர் வந்தால் சுவரைப் பார்த்துத்தான் வணக்கம் சொல்கிறாள். அந்த ஓரமும் குளிர்காலம் வரைதான் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். தொலைக்காட்சி எப்போதோ வெறும் சத்தமாகிவிட்டது.

அதனால்தான் நாலாவது குழி. மூன்றாவதை முடித்துவிட்டு நாலாவதுக்குப் போகிற பாதை கயிற்றை உரசிக்கொண்டு போகிறது. கை நீட்டினால் ஆட்டக்காரியைத் தொடலாம். அத்தனை கிட்டத்தில் போனால் தெரியும் என்று எஃபி கணக்குப் போட்டிருந்தாள். போன வாரம் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஜெயி, தோத்துப்போ, எனக்கு அதைப் பத்தி அக்கறையில்ல. என் எதிர்ல ஒரு தரம் நடந்து போ. அந்த நீல உடுப்புல உன்னை ஒருதரம் பாத்துட்டேன்னா போதும்." ஷோனாவுக்கு வயது நாற்பத்து மூன்று. அடுத்த கோப்பைக்கு அவளை யாரும் எடுக்கப் போவதில்லை. எடுத்தாலும் அம்மாவுக்குத் தெரியப் போவதில்லை. இன்று ஒரு நாள்தான் இருந்தது. அவளுடையது மூன்றாவது ஆட்டம், பத்தரை மணிக்குத் துவக்கம்.

ஒன்பதரைக்குக் குனில்லா பயிற்சித் தரைக்கு வந்தாள். ஓடி வரவில்லை, மெதுவாக நடந்து வந்தாள். அவளுக்குப் பின்னால் பச்சைக் கோட்டுப் போட்ட நடுவர் ஒருவர் வந்து தள்ளி நின்றுகொண்டு தன் காலணியைப் பார்த்தார். டேவி அதைப் பார்த்ததுமே குனிந்து பந்துகளைப் பொறுக்க ஆரம்பித்தான். அவனுக்கு முதலிலேயே புரிந்துவிட்டது.

"அந்தப் பக்கம் ஒருத்திக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு," என்றாள் குனில்லா. "திரும்பவே முடியல. டாக்டரும் பாத்துட்டாரு. விலகிட்டா."

"சரி. உறையப் பிரிச்சாச்சா? ஒட்டாவியாகிட்ட நீ சொன்னியா, இல்ல நான் சொல்லட்டுமா? பக்குவமாச் சொல்லணும். சின்னப் பொண்ணு."

குனில்லா மேல்சட்டைப் பைக்குள் கையை விட்டு எதையோ தேடுவது போலத் தேடினாள். அங்கே ஒன்றும் இருந்திருக்காது. அந்தக் கை வெளியே வராததைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் ஷோனாவுக்கும் புரிந்தது.

"நீதானே சொன்னே," என்றாள் குனில்லா. "கை நடுங்கறவ பேரை எழுதுன்னு நீதானே சொன்னே. உன்னைப் பத்தித்தான் சொல்றேன்னு நினைச்சேன்டி. என்னால கேக்க முடியாததை நீயே எடுத்துக் குடுக்கறேன்னு நினைச்சேன். ராத்திரி பூரா உன்னை நினைச்சுப் பெருமையா இருந்துச்சு எனக்கு."

ஷோனா கையில் இருந்த மட்டையைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். என்னவென்று திட்டுவது? நான் அந்தப் பெண்ணைத்தான் சொன்னேன், அவள் தலையில் கை வைக்கச் சொன்னேன் என்றா? அதைச் சொன்னால் பதினோரு வருடத்து சிநேகிதியின் கண்ணில் இப்போது மிச்சமிருக்கிற அந்தப் பெருமையும் போய்விடும். ஒட்டாவியாமேல் பொறாமையாக இருந்தது, வெட்கமாக இருந்தது. "எங்கம்மா வந்திருக்காங்க," என்று மட்டும் சொன்னாள்.

"தெரியும்."

"மாத்த முடியாதா?"

காலணியைப் பார்த்துக்கொண்டிருந்த நடுவர் நிமிர்ந்து, முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

டேவி பையின் ஜிப்பை இழுத்து மூடினான். ஈரத் துணியை உதறி மடித்தான். "போய்ச் சொல்லிட்டு வா தாயி," என்றான். "வேற யாராவது சொல்லி அது காதுல விழறதுக்குள்ள."

மூன்றாவது இடத்துக்கு ஒட்டாவியாவை நகர்த்தியிருந்தார்கள். ஷோனா புறப்பட்டபோது பத்தரை தாண்டியிருந்தது. அணியில் முதலில் கிளம்பியவர்களை முகம் காட்டி வழியனுப்ப வேண்டியிருந்தது, அவளும் காட்டினாள். கூட்டத்துக்குள் புகுந்து கயிற்றுக்கு வெளிப்புறமாக நடந்தாள். ஆட்ட நாளில் அந்தப் பக்கம் நடந்ததே இல்லை. நீல உடுப்பைப் பார்த்து ஆட்கள் வழிவிட்டார்கள், தோளில் தட்டினார்கள். கன்னத்தில் கொடி வரைந்துகொண்ட ஒரு தடியர், பீர் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "உக்காந்த இடத்துலயே அரைப் புள்ளி சம்பாதிச்சுக் குடுத்துட்டே! நீதான்மா கெட்டிக்காரி!" என்றார். மனிதர் நிஜமான சந்தோஷத்தில்தான் சொன்னார். அவள் அவருக்கு நன்றி சொன்னாள்.

வழி நெடுக, சொல்ல வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தாள். அம்மா, இன்னிக்கு நான் ஆடலை. அம்மா, ஒரு சின்ன விதி. அம்மா கோபப்பட மாட்டாள், அதுதான் பெரிய கஷ்டம். "சரி போ, முட்டை சாண்ட்விச்சாவது தின்னு" என்பாள். பிறகு நெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பாள், வீட்டுக்குப் போய் அடுப்பு மேடையைத் துடைப்பாள்.

நாலாவது குழிக்குப் போகிற பாதையை அவள் எட்டியபோது கைதட்டல் கேட்டது. மூன்றாவது ஆட்டம் வந்துவிட்டிருந்தது. முதலில் அமெரிக்காக்காரி போனாள். பின்னால் ஒட்டாவியா. அதே நீல உடுப்பு, அதே வெள்ளைத் தொப்பி, அணி முழுக்க ஒரே மாதிரி பின்னிவிட்ட அதே சடை. கயிற்றை உரசிக்கொண்டு நடந்து வந்தாள்.

எஃபி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருந்தாள். தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டு, கழுத்தில் நீலத் துணி. பக்கத்தில் நெட்டா அவள் முழங்கையைப் பிடித்திருந்தாள். எதிரே இருந்த பெரிய பலகையில் பெயர்கள் கொட்டை எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தன. நெட்டாவுக்குக் கண் நன்றாகத் தெரியும், அவள் அதைப் படித்திருந்தாள். ஷோனாவைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. என்ன செய்யட்டும் என்று கண்ணாலேயே கேட்டாள். 

ஒட்டாவியா தாண்டும்போது எஃபிக்கு இரண்டு ஆள் தள்ளி அதே கயிற்றோரம் நின்ற ஷோனாவைப் பார்த்துவிட்டாள். முந்தின நாள் அழுத முகம், இன்று பளிச்சென்று ஒரு சிரிப்பு சிரித்தாள். தொப்பியின் நுனியைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

"பாத்தியா நெட்டா? பாத்தியா?" என்றாள் எஃபி. "என்னைப் பாத்துச் சிரிச்சா! என்ன நடை பாரு அவளுக்கு! சின்னப் புள்ளையாட்டம் நடக்கறாடி!"

"ஆமா எஃபி," என்றாள் நெட்டா. "பாத்தேன்."

அம்மா என்று கூப்பிட ஷோனா வாயைத் திறந்தாள். எஃபி கைதட்டிக்கொண்டே, போகிறவளைக் கடைசிவரைக்கும் பார்த்துவிடுவதற்காக, முகத்தை மெல்ல இந்தப் பக்கம் திருப்பினாள். ஐந்தடித் தூரம்கூட இல்லை. கன்னமெல்லாம் நனைந்து, வாய் கொள்ளாத சிரிப்போடு, நேராக மகளின் முகத்துக்கு எதிரே முகத்தை வைத்துக்கொண்டு, தூரத்தில் போகிற அந்த நீல உடுப்பையே கடைக்கண்ணால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.