பெருவிரல் நகம் பற்றிய பல்துறைக் கூட்டம்

ஹிகாசே ஊர்ப் பெருமக்களுக்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்: நமது ஆரம்ப சுகாதாரக் குழுவின் பல்துறை ஆலோசனைக் கூட்டம், மேல்தெரு இனோகுமா தெய்ஜி அவர்களின் இல்லத்தில், அன்னாரது வலது கால் பெருவிரல் நகத்தை முன்னிட்டு, டாக்டர் ஹத்தோரி தலைமையில் இனிதே நடந்தேறியது.

நகமும் கலந்துகொண்டது. தெய்ஜி காலை நீட்டி, விருந்தாளிக்குப் போடும் நல்ல மெத்தையின்மேல் அதை வைத்திருந்தார். தடித்து, மஞ்சளித்து, ஓரம் வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக மண்டியிட்டு அதைப் பார்த்தார்கள். கும்பிடாததுதான் பாக்கி.

நானும் குழுவில் ஒருவன். ஊர் நலத் தொண்டன், சம்பளம் கிடையாது. தேநீர் ஊற்றுவது என் துறை.

விஷயம் சின்னது. தெய்ஜியின் மனைவி சுமி குன்றின்மேல் இருக்கும் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருக்கிறது. வாரம் தவறாமல் தெய்ஜி நடந்து போய்ப் பார்ப்பார். இப்போது ஷூவுக்குள் கால் நுழையவில்லை. ஒரு முறை நான் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். சுமி என்னைப் பார்த்து, "இந்த நோயாளிய ஏன் இங்க கொண்டு வர்றீங்க? அடுத்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அதன்பின் தெய்ஜி நாற்காலியைத் தொடவில்லை.

"நடந்து போனாத்தான் அவளுக்கு நான் நானாத் தெரிவேன்" என்றார் கூட்டத்தில். "இன்னும் கொஞ்ச நாள் போகலேன்னா அதுவும் மறந்துடும். நகத்த வெட்டி விடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"தாத்தா, அருமையான இலக்கு!" என்றார் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர். "எல்லாரும் சேந்து உங்களுக்குத் துணையா இருப்போம்."

"எனக்குப் பேரன் பேத்தி யாரும் கிடையாதும்மா. பேர் சொல்லிக் கூப்பிடு."

வீட்டு வேலைக்கு வரும் உதவியாளர் முதலில் பேசினார். நல்ல நகமாக இருந்தால் அவர் வெட்டலாம். கெட்ட நகத்தைத் தொடக்கூடாது. கெட்ட நகம் செவிலியரின் துறை. செவிலியர் கையுறை போட்டுக்கொண்டு ஓரத்தை மெல்ல அமுக்கிப் பார்த்தார்.

"ஐயோ, வலிக்குது."

"வலிக்குது" என்று செவிலியர் எல்லோருக்கும் அறிவித்தார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். வெட்டினா ரத்தம் நிக்காது. டாக்டர் உத்தரவு வேணும்."

"மாத்திரைய ரெண்டு நாள் நிறுத்தினா..." என்று இழுத்தார் மருந்தாளுநர்.

"அத இருதய டாக்டர்தான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

இருதய டாக்டர் மாவட்டத் தலைநகரில் இருந்தார்.

ஊட்டச்சத்து நிபுணர் முகத்தில் மட்டும் மகிழ்ச்சி. "நகம் எப்படி வளந்திருக்கு பாருங்க! சாப்பாடு நல்லா ஒட்டுதுன்னு அர்த்தம்."

"அப்போ அதுக்குச் சோறு போடாதம்மா" என்றார் தெய்ஜி.

இயன்முறைப் பயிற்சியாளர், நடக்காததால் தொடை தளர்ந்துவிட்டது என்று உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சி ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். பல் சுகாதாரப் பெண் எதற்கும் இருக்கட்டும் என்று வாயைத் திறந்து பார்த்து, ஈறு அபாரம் என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

"டாக்டர், நீங்க டாக்டர்தானே?" என்றார் தெய்ஜி. "நீங்களே வெட்டக்கூடாதா?"

டாக்டர் ஹத்தோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏதோ தத்துவம் வரப்போகிறது என்று அர்த்தம்.

"வெட்டலாம். ஆனா நானே எல்லாம் செஞ்சிட்டா டீம் எதுக்கு? ஒரு ஆளோட திறமைய நம்பியிருந்த காலம் போயிடுச்சு, இனோகுமா சான். இப்போ நாம எல்லாரும் சேந்து ஒரு வாழ்க்கையப் பாக்குறோம்."

"நான் வாழ்க்கையக் காட்டல. நகத்தக் காட்டுறேன்."

மேஜை இழுப்பறையில் நகவெட்டி இருப்பது எனக்குத் தெரியும். எடுத்தேன். "நான் வேணா ஓரத்துல கொஞ்சம்..."

ஒருங்கிணைப்பாளர் என்னைக் கனிவோடு பார்த்தார். "கஜிதா சான், நல்ல மனசு உங்களுக்கு. ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு யாரோடது?"

தெய்ஜி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நகவெட்டியை இழுப்பறையில் போட்டு மூடினேன். தேநீர் ஊற்றினேன்.

தலைநகரில் இருக்கும் பாத மருத்துவமனைக்கு அனுப்புவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அங்கே புத்தாண்டுக்குப் பிறகுதான் இடமாம். இலையுதிர்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. ஒருவருக்கொருவர் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டார்கள். வாசலில் ஒரே மாதிரிக் கறுப்பு ஷூக்களுக்கிடையே தத்தமது ஜோடியைத் தேடி மாட்டிக்கொண்டார்கள்.

தெய்ஜி சுவரைப் பிடித்தபடி வந்து நின்று பார்த்தார். "எல்லாருக்கும் நுழையுது" என்றார்.

பனிக்காலம் வந்தது. வாரந்தோறும் நான் மட்டும் மேலே போனேன். வீட்டுக்காரர் விசாரித்தார் என்று சொல்வேன். முதலில் சுமி, "அவருக்கு இன்னும் கால் வலியா?" என்று கேட்டார். சில வாரம் கழித்து, "யாருக்கு?" என்று கேட்டார். கீழே வந்து முதல் கேள்வியை மட்டும் தெய்ஜியிடம் சொன்னேன். கடைசி வரைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புத்தாண்டு கழிந்து, தலைநகரின் பாத மருத்துவமனையில் ஒரு பெண், பனியைப் பற்றிப் பேசிக்கொண்டே நகத்தை வெட்டிவிட்டாள். ஒரு சொட்டு ரத்தம்கூட வரவில்லை.

அன்றே மேலே போக வேண்டும் என்றார் தெய்ஜி. என்னைக் கையைப் பிடிக்க விடவில்லை. குன்றுப் பாதையில் நின்று நின்று மூச்சு வாங்கினார். இல்லத்து வாசலில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து, தன் காலாலேயே நடந்து உள்ளே போனார்.

சுமி ஜன்னலோரம் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் குழு உண்டு. தினம் யாராவது வந்து எதையாவது அளப்பார்கள். தெய்ஜியைப் பார்த்ததும் பழத்தைக் கீழே வைத்து, மரியாதையாகக் குனிந்தார்.

"வாங்க. நீங்க எந்தப் பிரிவு?"

தெய்ஜி குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"கால்" என்றார்.

"காலா? எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லீங்களே. வேற யாருக்காவது இருக்கும், போய்ப் பாருங்க."

அடுத்த கூட்டத்தில் இலக்கு நிறைவேறியதாக ஒருங்கிணைப்பாளர் அறிவித்தார். டாக்டர் முதலில் கைதட்டினார், மற்றவர்கள் தொடர்ந்தார்கள். தெய்ஜி மெத்தையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்.

நகம் மறுபடி வளர ஆரம்பித்திருக்கிறது.